உப்பேறிய குளம்

வங்கதேசத்துக் குல்னா நகர ஆய்வுக்கூடத்தில் பதினோரு வருஷமாகக் களிமண்ணோடு மல்லாடுகிறவள் நான். தில்ருபா நேற்று வந்தவள். முலாம் பட்டறைக் கழிவால் தண்ணீரில் கலக்கும் காட்மியம் என்ற நஞ்சை அவள் களிமண் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு பிடித்துக்கொண்டதாம். என் மண் எழுபதைத் தாண்டியதில்லை. இயக்குநர் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். எனக்கு வயிறு எரிந்தது.

அவள் இல்லாத நேரம் அவள் நோட்டைப் புரட்டினேன். எல்லாச் சோதனையும் காய்ச்சி வடித்த நீரில் செய்திருந்தாள். நான் செய்தது ஆற்று நீரில். நீரில் உப்பு இருந்தால் அது மண்ணில் நஞ்சின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நஞ்சைத் தண்ணீரோடு இழுத்தும் போகும். அந்த மண்ணால் செய்த வடிகட்டியை அவள் வைக்கப்போகும் தாகோப் ஊர்க் குளத்தில் மழைக்காலத்தில்தான் நல்ல தண்ணீர். கோடை தொடங்கும் சைத்திர மாதத்தில் உப்பேறிவிடும்.

"மொர்ஜினா ஆபா, நான் எதாச்சும் விட்டுட்டேனா? பாத்துச் சொல்லுங்களேன்," என்று அக்கா முறை வைத்து அவளே வந்து கேட்டாள்.

"நீதான் பெரிய ஆளாச்சே. எனக்கென்ன தெரியும்," என்றேன்.

நாலு பேர் முன்னால் அவள் மூக்கு உடைய வேண்டும். எனக்கு அவ்வளவுதான் ஆசை.

ஆஷாட மாத மழையில் வடிகட்டியை வைத்தார்கள். சோதித்ததில் தண்ணீர் சுத்தமாக இருந்தது. ஊரே குடித்தது. எட்டு மாதம் சேர்த்து வைத்த நஞ்சை, குளத்தில் உப்பு ஏறியதும் மண் கக்கத் தொடங்கியது. சைத்திரத்தில் நாங்கள் போய்ச் சோதித்தபோது குளத்தைவிட வடிகட்டிய தண்ணீரில் மூன்று மடங்கு காட்மியம் இருந்தது.

ஊரில் வடிகட்டியைப் பராமரித்துவந்த ஜொரினா சொன்னாள்: "வாயில வச்சா கரிச்சுது. ஆனா விஷமில்லாத தண்ணின்னு நீங்கதான சொன்னீங்க? மாசமா இருக்கற மருமகளுக்கும் இதத்தான் குடுத்தேன்."

வாசலில் அந்த மருமகள் செம்போடு நின்றாள். எட்டாம் மாதம் இருக்கும்.

தில்ருபா அவள் கையிலிருந்து செம்பை வாங்கிக் கீழே கொட்டினாள். கூடியிருந்த பெண்களைப் பார்த்து, "தப்பு என்னோடதுதான். உங்க தண்ணில சோதிச்சுப் பாக்காம விட்டுட்டேன். இனி ஒரு சொட்டும் குடிக்காதீங்க. மருமகள இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்," என்றாள்.

திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். இரண்டு பேர் திட்டவும் செய்தார்கள். ஜொரினா மட்டும் அவளிடம், "தெரிஞ்ச ஒடனே சொல்லிட்டியே தாயி. மறைக்கறவங்கதான் மனுசங்க இல்ல," என்றாள்.

அந்தத் தாயி என்ற சொல்லுக்கும் எனக்குப் பொறாமை வந்தது.