கழுவிவைத்த ரம்பம்

ஆபரேஷன் தியேட்டரில் இருபத்திரண்டு வருடம் நர்ஸாக இருந்தவளுக்கு, அழுக்கான ஒரு பொருளைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியாது. என் வீட்டுக்காரர் ஜார்ஜ் இதை வியாதி என்பார். நான் சுத்தம் என்பேன். இந்த வழக்கு எங்கள் கல்யாண நாளிலிருந்து நடக்கிறது.

2009 ஜூனில் என் தம்பி ஷாஜின் துபாயிலிருந்து அவருக்கு ஒரு பேட்டரி ரம்பம் கொண்டுவந்தான். ஒயர் கிடையாது, பெட்ரோல் கிடையாது. பட்டனை அழுத்தினால் நீளமான பட்டையைச் சுற்றிப் பல்லுள்ள சங்கிலி ஓடி மரத்தை அறுக்கும். நல்ல நேரத்தில்தான் வந்தது. மேல்விஷாரத்தில் தோல் ஷாப் என்று சொல்லும் ஒரு தோல் பதனிடும் ஆலையில் மெஷின் பிட்டரான ஜார்ஜ், ஆறு மாதத்துக்கு முன் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். அதிலிருந்து ஸ்டோரில் உட்கார்ந்து நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். எலும்பு கூடிவிட்டது, கையின் மேல் நம்பிக்கைதான் கூடவில்லை. வருகிற திங்கட்கிழமை மறுபடி மெஷின் வேலைக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

புதன்கிழமை சாயங்காலம் கொல்லையில் பட்டுப்போன முருங்கையை அறுத்தார். தோல் ஷாப் கம்பூட்ஸ், தோல் கையுறை, கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டு, ரம்பத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். சங்கிலியைத் தொடும் முன் பேட்டரியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நான் வாசற்படியில் நின்று, "முனையால வெட்டாதீங்க, தோளுக்கு மேல தூக்காதீங்க" என்று தொணதொணத்தேன். முடித்ததும் மரத்தூளைத் தட்டி, ரம்பத்தின் தொட்டியில் எண்ணெய் நிரப்பி, அலமாரியில் வைத்தார். அன்றைக்கு அவர் விசிலடித்துக்கொண்டே குளித்தார். ஆறு மாதத்தில் அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலையில் பார்த்தால் அலமாரியில் விரித்திருந்த காகிதமெல்லாம் எண்ணெய். ரம்பம் சொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் தியேட்டரில் ஒரு கத்தி இப்படிப் பிசுபிசுவென்று இருந்தால் ஹெட் சிஸ்டர் உயிரை எடுத்துவிடுவார். ஜார்ஜ் வேலைக்குப் போனதும் பேட்டரியைத் தனியே எடுத்து வைத்தேன். எண்ணெய்த் தொட்டியின் மூடியைத் திறந்து மிச்சம் மீதி இல்லாமல் கவிழ்த்தேன். பழைய டூத் பிரஷ்ஷும் வெந்நீரும் சோப்புமாக ஒவ்வொரு பல்லாகத் தேய்த்து, வெயிலில் காயவைத்துத் துடைத்தேன். பளபளவென்று இருந்தது. சொன்னால் கிண்டல் செய்வார் என்று சொல்லவில்லை.

அன்று ராத்திரி காற்று வீசியது. வெள்ளிக்கிழமை தோல் ஷாப் லீவு. காலையிலேயே பக்கத்து வீட்டு அக்தரி பேகம் கூப்பிட்டாள்.

"சிஸ்டர், வேப்பங்கிளை ஒடிஞ்சி எங்க கேட்டுக்கு குறுக்கால உழுந்துகீது. உங்க வீட்டுக்காரரு மெஷின் எடுத்துட்டு வருவாரா? ரொம்ப பேஜாரா இருக்குது."

ஜார்ஜ் சந்தோஷமாகப் போனார். புதன்கிழமை தானே எண்ணெய் நிரப்பிவைத்ததால் தொட்டியைப் பார்க்கவில்லை. இரண்டாவது வெட்டிலேயே புகை வந்தது. சங்கிலி தொங்கி, பட்டையைவிட்டு நழுவி, அவர் கம்பூட்ஸில் பட்டென்று அடித்தது. பட்டனை உடனே விட்டுவிட்டார். காயமில்லை. ஆனால் முகம் வெளுத்துவிட்டது.

"சங்கிலிய நான்தான் சரியா டைட் பண்ணல. கை முன்ன மாதிரி இல்ல."

கிளையைக் கடைசியில் அரிவாளால் யாரோ வெட்டினார்கள்.

அவரைத் திட்டுவதற்கு ஆதாரம் தேடி, அன்று மத்தியானம் ரம்பத்தோடு வந்த புத்தகத்தை எடுத்தேன். நாலாம் பக்கத்தில் இருந்தது. ஒவ்வொரு முறையும் ஓட்டும் முன் எண்ணெய் பார்க்க வேண்டும். எண்ணெயில்லாத சங்கிலி சூடாகி நீண்டு நழுவிவிடும். ஓய்வில் கொஞ்சம் எண்ணெய் கசிவது இயல்பு. நான் புத்தகத்தை மூடி இருந்த இடத்திலேயே வைத்தேன். ஊரில் எல்லாருடைய தப்பையும் எடுத்துச் சொல்கிற எனக்கு வாய் வரவில்லை.

சனிக்கிழமையும் வாய் வரவில்லை. ஆஸ்பத்திரி டியூட்டியைச் சாக்காக வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்கால ஆராதனை முடிந்து சர்ச்சிலிருந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வெள்ளிக்கிழமையிலிருந்து ஜார்ஜ் இடது கையில் ஸ்பூன் பிடித்துத்தான் சாப்பிட்டார்.

"நாளைக்கு மேனேஜர்கிட்ட சொல்லிட்றேன் மலரு. ஸ்டோர்லயே இருந்துக்கிறேன். மெஷினாண்ட நின்னு இன்னொருத்தனுக்கு எதனா ஆய்ட்டா இன்னா பண்றது?"

சொல்லிவிட்டேன். கவிழ்த்தது, கழுவியது, காயவைத்தது, புத்தகத்தில் படித்தது, எல்லாவற்றையும்.

அவர் எழுந்து போய்த் தொட்டியின் மூடியைத் திறந்து வெளிச்சத்தில் பார்த்தார். உள்ளே சொட்டு எண்ணெய் இல்லை.

"அப்போ என் கை இல்ல."

"இல்லீங்க."

"என் கை இல்ல" என்று இன்னொரு தரம் சொன்னார். அவர் கண் கலங்கிவிட்டது. கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"வெள்ளிக்கெழமையே தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்."

மூடியைத் திருகி மூடிவிட்டு வந்து தட்டின் முன் உட்கார்ந்தார்.

"கழுவுனதுல தப்பில்ல, ஒனக்குத் தெரியாது. நானும் பாத்துட்டு ஓட்டிருக்கணும். ஆனா ரெண்டு நாளா நான் இந்தக் கைய வெச்சிக்கினு ஒக்காந்திருந்தத பாத்துக்கினே இருந்தியே மலரு."

இருபத்திநாலு வருடக் குடித்தனத்தில் முதல்முறையாக அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் தட்டை இழுத்து, வலது கையால் சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார்.