ஒண்ணும் ஆவல, சம்பந்தி

மாப்பிள்ளை வீட்டார் நாள் குறிக்க வந்த ஞாயிற்றுக்கிழமை, தேவசகாயத்தின் வீட்டு வாசலில் அவர்கள் நிறுத்தியிருந்த கார் ஒரு கரும்பு டிராக்டருக்கு வழியை மறித்தது. டிராக்டர்காரர் விடாமல் ஹாரன் அடித்தார். மாப்பிள்ளை லாரன்ஸின் அப்பா சாலமன் கேசரித் தட்டை வைத்துவிட்டு எழுந்து போனார். அனந்தபுரத்தில் உரக்கடை வைத்திருப்பவர். கார் வாங்கி நான்கு மாதம்கூட ஆகவில்லை. அதைப் பின்னால் எடுப்பது அவருக்கு இன்னும் சரியாகப் பழகவில்லை. ஓரமாகப் போடுகிறேன் என்று எடுத்தவர், வேலியோரம் சைடு ஸ்டாண்டில் நின்ற தேவசகாயத்தின் பைக்கை இடித்துவிட்டார்.

பெரிய இடி இல்லை. பம்பர் லேசாகத்தான் பட்டது. ஆனால் பைக் இடதுபுறமாகச் சாய்ந்து, வேலிக்கு அணைப்பாகப் பதித்திருந்த கருங்கல்லின் மேல் விழுந்தது.

சத்தம் கேட்டு தேவசகாயம் ஓடிவந்தார். சாலமனும் அவரும் சேர்ந்து வண்டியைத் தூக்கி நிறுத்தினார்கள். ஒரு பக்கக் கண்ணாடி உடைந்திருந்தது. கியர் லிவர் உள்பக்கமாக வளைந்திருந்தது.

"அய்யய்யோ, இன்னா சம்பந்தி இப்பிடி பண்ணிட்டேன். வண்டிக்கு ஏதாவது ஆயிடுச்சா?"

"ஒண்ணும் ஆவல, சம்பந்தி. கண்ணாடிதான். அது கெடக்குது விடுங்க."

"ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. எனக்கு மனசு கேக்கல."

தேவசகாயம் பட்டனை அழுத்தினார். வண்டி உடனே கிளம்பியது. இருவரும் சிரித்தார்கள். அப்போதுதான் தேவசகாயம் குனிந்து பார்த்தார். எஞ்சினுக்கு அடியில், காசு அகலத்துக்கு, மண்ணில் கறுப்பாக ஏதோ சொட்டியிருந்தது. கியர் லிவர் குத்திய இடத்தில் எஞ்சின் கவரில் மயிரிழைபோல ஒரு விரிசல். பெண்ணுக்கு நாள் குறிக்க வந்த வீட்டாரிடம், முதல் நாளே உங்கள் கார் என் வண்டியைக் கெடுத்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? செருப்புக் காலால் மண்ணைத் தள்ளி அந்தக் கறையை மூடினார்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வண்டி நன்றாக இருக்கிறது என்று காட்டுவதற்காக, அதிலேயே போய் எல்லோருக்கும் பன்னீர் சோடா வாங்கிவந்தார். பாஸ்கா என்கிற ஈஸ்டர் பண்டிகை முடிந்த இரண்டாம் வாரத்தில் கல்யாணம் என்று முடிவானது. சாலமன் கிளம்பும்போது தேவசகாயத்தின் கையைப் பிடித்து, "உங்களமாரி பெருந்தன்மையான மனுசன் கெடைக்க நாங்க குடுத்து வச்சிருக்கணும்" என்றார்.

தேவசகாயத்துக்குப் பிழைப்பே அந்த வண்டிதான். செஞ்சி கடைத்தெருவில் எழிலரசன் என்பவருடைய பேக்கரியில் ரஸ்க்கும் பன்னும் எடுத்து, சுற்றியுள்ள ஊர்களின் டீக்கடைகளுக்குப் போடுவார். லைன் போவது என்பார்கள். விடியற்காலையில் பன் வராவிட்டால் டீக்கடைக்காரர்கள் அடுத்தவனிடம் வாங்கிவிடுவார்கள். அதனால் திங்கட்கிழமை வண்டியை மெக்கானிக்கிடம் விடவில்லை. விரிசலின் மேல் எம்சீல் பசையை அப்பிவிட்டு, பின்னால் இரண்டு தகர டின்களைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

சாயங்காலம் வரை வண்டி ஓடவில்லை. தளவானூர் தாண்டி ஏரிக்கரை மேட்டில் ஏறும்போது எஞ்சினுக்குள் ஏதோ உரசுகிற சத்தம் கேட்டது. பின் சக்கரம் அப்படியே இறுகி, வண்டி வழுக்கி நின்றது. எம்சீல் எங்கேயோ உதிர்ந்துபோயிருந்தது. குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டி ஒன்றைக் கெஞ்சி நிறுத்தி, அதில் ஏற்றி, செஞ்சியில் மெக்கானிக் தனகோட்டியின் கடைக்குக் கொண்டுவந்தார்.

தனகோட்டி எஞ்சினைப் பிரித்துத் தரையில் ஒரு சாக்கின் மேல் பரப்பினான்.

"அண்ணே, நேத்தே வந்திருந்தா ஒரு கவர மாத்திட்டு அனுப்பியிருப்பேன். ஆயில் இல்லாம ஓட்டிட்ட. போர், பிஸ்டன், கிராங்க் எல்லாம் போச்சு. இருபதாயிரத்துக்குக் கம்மியா ஆவாது."

"இன்சூரன்ஸ்ல எதுனா கெடைக்குமா?"

"உன்னுது தேர்டு பார்ட்டிதான், உன் வண்டிக்கு எதுவும் வராது. கார்காரன் இன்சூரன்ஸ்ல கேக்கலாம். ஆனா அவன் இடிச்சான்னு போலீஸ்ல எழுதிக் குடுக்கணும். யாரு கார்காரன்?"

தேவசகாயம் டின்களை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

அன்றிலிருந்து அவர் பஸ்ஸில் லைன் போனார். இரண்டு டின்களையும் ஏற்றினால் கண்டக்டர் லக்கேஜுக்குக் காசு கேட்பார். இல்லாவிட்டால் இறங்கச் சொல்வார். பஸ் போகாத ஊர்களுக்கு டின்னைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். போய்ச் சேர்வதற்குள் டீக்கடைகளில் முதல் கூட்டம் முடிந்திருக்கும். இரண்டு ஊர்களில் வேறொருவன் பன் போட ஆரம்பித்துவிட்டான். "பாத்துக்க தேவசகாயம். இப்பிடியே போச்சுன்னா நான் வேற ஆள வச்சித்தான் ஆவணும்" என்று எழிலரசன் சொல்லிவிட்டார்.

வீட்டில் மனைவி ஜெயராணி தினமும் ஒரே கேள்வியைக் கேட்டாள்.

"அவரு இடிச்சாரு, அவர கேக்குறதுக்கு இன்னாங்க வெக்கம்?"

"ஒண்ணும் ஆவலன்னு நானே சொல்லிட்டேனே. இப்ப போயி எஞ்சினே போச்சுன்னா நம்புவாங்களா? கல்யாணச் செலவ அவங்க தலையில கட்டப் பாக்குறோம்னு நெனைக்க மாட்டாங்க?"

"அப்ப என் கம்மலக் கழட்டித் தரேன், வச்சிட்டு வாங்க."

"கல்யாணத்துல மூளிக் காதோட நிப்பியா?"

அவர்களுடைய மகள் எஸ்தர் செஞ்சியில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். திண்டிவனத்தில் பள்ளிக்கூட லேப் உதவியாளராக இருந்த லாரன்ஸ் அவளுக்கு தினமும் போன் செய்வான். அவனிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்று தேவசகாயம் அவளிடம் சத்தியம் வாங்காத குறைதான். அவளும் சொல்லவில்லை. ஆனால் போன் பேசிவிட்டு உள்ளே வரும்போது அவள் முகம் சரியில்லாமல் இருந்ததை அவர் கவனித்தார்.

சாலமனும் அடிக்கடி போன் செய்தார். முதல் கேள்வியே அதுதான்.

"வண்டி எப்பிடி சம்பந்தி இருக்குது?"

"ஜோரா ஓடுது சம்பந்தி."

ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அந்தப் பொய் இன்னும் கொஞ்சம் கெட்டிப்பட்டது. முதல் நாள் சொல்லியிருந்தால் அது ஒரு தகவலாகப் போயிருக்கும். இனிமேல் சொன்னால் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். போன் அடித்தாலே அவருக்கு வியர்த்தது.

ஒரு வெள்ளிக்கிழமை சாலமன் கூப்பிட்டார். மண்டபம் பார்க்க செஞ்சிக்கு வருவதாகவும், கார் சர்வீஸுக்குப் போயிருப்பதால் பஸ்ஸில் வருவதாகவும் சொன்னார். "நீங்க வண்டியில வந்துருங்க. ரெண்டு பேரும் அதுலயே போயிட்டு வந்துடலாம்."

தேவசகாயம் பக்கத்து வீட்டில் வண்டி கேட்டார், கிடைக்கவில்லை. பஸ்ஸில்தான் போனார். பஸ் ஸ்டாண்டில் சாலமன் அவருக்கு முன்னாலேயே வந்து, பழக்கடை நிழலில் நின்றுகொண்டிருந்தார். தேவசகாயம் பஸ் படியில் இறங்குவதை அவர் பார்த்துவிட்டார்.

"வண்டி எங்க சம்பந்தி?"

"என் தம்பி மவன் எடுத்துக்கினு போயிட்டான், சம்பந்தி. அவசரம்னான்."

"அப்பிடியா?"

மண்டபம் திருவண்ணாமலை சாலையில் இருந்தது. ஆட்டோவில் போகலாம் என்று இருவருமே சொல்லவில்லை. வெயிலில் நடந்தார்கள். செஞ்சிக் கோட்டைப் பாறைகளிலிருந்து அனல் வீசியது. தனகோட்டியின் கடை அதே சாலையில்தான். கடைக்குக் கொஞ்சம் முன்னால் தேவசகாயம் சாலையைக் கடந்து எதிர்ப் பக்கம் போனார். சாலமனும் ஒன்றும் கேட்காமல் கடந்து வந்தார். மண்டபத்தின் வாடகை, சமையல்கட்டு, தண்ணீர் வசதி எல்லாவற்றையும் பேசினார்கள். திரும்பும்போது சாலமன் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அதுவே தேவசகாயத்துக்கு உறுத்தியது.

அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோது எஸ்தர் அவருடைய காலைப் பார்த்தாள். குதிகால் வெடித்து ரத்தம் கசிந்திருந்தது. போனை எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

"எஸ்தர், இன்னா பண்ற?" என்று ஜெயராணி பதறினாள்.

மறுமுனையில் லாரன்ஸ் எடுத்தான்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றாள் எஸ்தர். "அன்னிக்கி உங்க கார் இடிச்சதுல எங்க நைனா வண்டி எஞ்சின் போயிடுச்சு. இத்தினி நாளா அவரு நடந்துதான் லைன் போறாரு."

லாரன்ஸ், "எனக்குத் தெரியும், எஸ்தர்" என்றான்.

"இன்னா தெரியும்?"

"எஞ்சின் போனது தெரியாது. ஆயில் ஒழுகுனது தெரியும். அன்னிக்கி கார்ல திரும்பும்போதே அப்பா சொன்னாரு. மாமா கால்ல மண்ணத் தள்ளி மறைச்சாராம். இன்னிக்கி பஸ்ல வந்தாருன்னும் சொன்னாரு."

தேவசகாயத்துக்கு அப்போதுதான் உறைத்தது. சாலமன் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டுத்தான் சோடா குடித்தார். பெருந்தன்மையான மனிதன் என்று கையைப் பிடித்ததும் அதற்குப் பிறகுதான்.

"தெரிஞ்சி ஏன் சொல்லல?" எஸ்தரின் குரல் உயரவில்லை.

"அப்பா போன் பண்ணி கேட்டாரே. மாமாதான் ஓடுதுன்னாரு. அவரே ஒண்ணும் இல்லன்றப்ப நாம ஏன் போயி தலையக் குடுக்கணும்னு அம்மா சொல்லிட்டாங்க. நான் இன்னா பண்ணட்டும், பெரியவங்க பேசிக்கிறப்ப..."

"நாளைக்கி உங்க அப்பாவ தனகோட்டி மெக்கானிக் கடைக்கி வரச் சொல்லுங்க. வண்டிய பிரிச்சிப் போட்டுக் கெடக்குது, பாக்கட்டும். நீங்களும் வாங்க."

அவள் போனை வைத்த பிறகு ஜெயராணி, "கல்யாணம் நின்னுட்டா?" என்று கேட்டாள். தேவசகாயத்துக்கு மகள்மேல் கோபம் வரவில்லை. அதுவே அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

மறுநாள் சாலமனும் லாரன்ஸும் தனகோட்டியின் கடைக்கு வந்தார்கள். எஸ்தர் மருந்துக்கடைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு அப்பாவுடன் நின்றாள். சாலமன் சாக்கின் அருகே குந்தி உட்கார்ந்து, கீறல் விழுந்த பிஸ்டனைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"ரொம்பப் போச்சா, சம்பந்தி?"

தேவசகாயத்தின் வாயில் அதே பழைய வார்த்தைதான் வந்தது. "ஒண்ணும்..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். எஸ்தர் அவரைப் பார்க்கவில்லை, சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சாலமன் பக்கம் திரும்பினார்.

"ரொம்பப் போச்சு. இருபதாயிரம் ஆவும்னு சொல்றாப்ல. எங்கிட்ட இல்ல."

சாலமன் பிஸ்டனைக் கீழே வைத்தார். "கவர் ஒடஞ்சது என்னால. அத நான் ஒத்துக்குறேன். ஆயில் ஒழுகுதுன்னு தெரிஞ்சும் ஓட்டுனது நீங்கதானே?"

"ஒழுகுறத நீங்களும்தான் பாத்தீங்க!" தேவசகாயத்தின் குரல் அவருக்கே புதிதாகக் கேட்டது. "பாத்துட்டு ஒரு வார்த்த சொன்னீங்களா? ஓட்டாதீங்க சம்பந்தின்னு ஒரு வார்த்த?"

"நீங்க மறைச்சீங்க. மறைக்கிறவருகிட்ட நான் இன்னான்னு கேக்குறது?"

"பொண்ணக் குடுக்குறவன் வேற இன்னா பண்ணுவான்?"

பக்கத்து டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தனகோட்டி ஏதோ வேலை இருப்பது போலக் கடைக்குள் போய்விட்டான். சாலமன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு தலை நிமிராமலே சொன்னார்:

"எனக்கும் பயம்தான் சம்பந்தி. கார் லோன் டியூவே இழுத்துக்கினு இருக்குது. நீங்க கேக்காத வரைக்கும் நல்லதுன்னு இருந்துட்டேன். பாதி நான் தரேன். மொத்தமா முடியாது, ரெண்டு தடவையா தரேன்."

"மீதிய நான் போடுறேன்," என்றான் லாரன்ஸ் அவசரமாக.

"வேணாம்," என்றாள் எஸ்தர். "மீதி எங்க நைனாவும் நானும் பாத்துப்போம்."

அவன் அவளைத் தனியாக டீக்கடைப் பக்கம் அழைத்துப் போய் ஏதோ கேட்டான். அவள் சொன்ன பதில் மட்டும் தேவசகாயத்தின் காதில் விழுந்தது. "கோவம் இல்ல. ஆனா இன்னும் ஒரு வாரத்துக்கு போன் பண்ணாதீங்க. நான் யோசிக்கணும்."

அந்த ஒரு வாரமும் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. தேவசகாயம் எதையும் கேட்கவில்லை. கேட்கும் தகுதி தனக்கு இருப்பதாகவும் அவர் நினைக்கவில்லை. வாரம் முடிந்ததும் எஸ்தர்தான் லாரன்ஸுக்குப் போன் செய்தாள். கல்யாணம் பாஸ்காவுக்குப் பிறகு, குறித்த நாளிலேயே நடந்தது.

வண்டி அதற்கு முன்பே சரியாகி வந்துவிட்டது. ஆனால் கைவிட்டுப் போன இரண்டு ஊர்களும் திரும்பிவரவில்லை. அங்கே வேறொருவன்தான் இன்னமும் பன் போடுகிறான். சாலமன் முதல் தவணையைச் சொன்ன நாளில் கொடுத்தார். இரண்டாவது இழுத்துக்கொண்டே போனது. அவருடைய மனைவி இன்றுவரை ஜெயராணியிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஒருநாள் தேவசகாயமே அனந்தபுரத்துக்குப் போய் உரக்கடை வாசலில் வண்டியை நிறுத்தினார்.

"வாங்க சம்பந்தி, இன்னா விசயம்?" என்றார் சாலமன்.

"அந்த மீதிப் பணம்," என்றார் தேவசகாயம். சொல்லும்போது உள்ளங்கை வியர்த்தது. ஆனாலும் அவர் முழுதாகச் சொல்லி முடித்துவிட்டு, கடையின் பெஞ்சில் உட்கார்ந்தார்.