பீலிக்கரையில் விழுந்தது

கந்தையாவுக்கும் மருதாயிக்கும் நடுவில் கிடந்த வழக்கு ஒன்றே ஒன்றுதான். தங்கள் பிள்ளையின் மேல் விழுந்தது தேரையா, தவளையா? கேட்கிற வெளியாளுக்குச் சிரிப்பு வரும். றக்வான மலைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான மேல் லயத்தில் யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பிள்ளை செத்துப்போயிருந்தது.

அது தொண்ணூற்று நாலாம் வருஷம். மலைத் தண்ணீர் கொட்டுகிற பீலிக்கு மருதாயி துணி துவைக்கப் போனாள். ஒரு வயதுப் பையன் சுமனைக் கல்லோரம் கம்பளியில் உட்காரவைத்திருந்தாள். புல்லிலிருந்து ஏதோ ஒன்று தாவி அவன் வயிற்றில் விழுந்து எகிறிப் போயிற்று. பிள்ளை வீரிட்டு அழுதான். கொஞ்ச நாளில் அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கையும் காலும் குச்சியாகிவிட்டன.

தேரை விழுந்த பிள்ளை வற்றிப்போகும் என்பது லயத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. தவளை விழுந்தால் பயமில்லை, அது மழைக்குக் கத்துகிற அப்பாவி. தேரைதான் பொல்லாதது. "தவளைங்க அது, பச்சையா இருந்துச்சு, நான் கண்ணால பாத்தேன்" என்று மருதாயி தலையில் அடித்துக்கொண்டாள். கந்தையா கேட்டால்தானே! கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் ஊருக்கெல்லாம் நியாயம் பேசுகிற மனுஷன், வீட்டில் காதைப் பொத்திக்கொண்டான். பிள்ளையைப் பார்க்கத் துப்பில்லாதவள் என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கத் திட்டினான். பூசாரியிடம் கயிறு மந்திரித்துக் கட்டினான்.

தோட்டத்து டிஸ்பென்சரி டொக்டர் ஐயா பிள்ளையின் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார். இதயத்தில் ஏதோ கோளாறு இருக்கிறது, உடனே இரத்தினபுரிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். தோட்டத்து லொறியையே லயத்து வாசலுக்கு அனுப்பினார். தேரை விழுந்த உடம்பு ஊசி தாங்காது என்று கந்தையா லொறியைத் திருப்பி அனுப்பிவிட்டான். அந்த மழைக்காலம் முடிவதற்குள் சுமன் போய்விட்டான்.

அதற்குப் பிறகு அவர்களுக்குப் பிள்ளை தங்கவில்லை. மருதாயி சில வருஷம் தவளைதான் என்று வாதாடிப் பார்த்தாள். பிறகு ஒரு சண்டையின் நடுவில், "சரி, தேரைதான். என்னாலதான் செத்துச்சு. போதுமா?" என்றாள். கேட்டதும் ஜெயித்துவிட்ட மாதிரி கந்தையாவுக்கு ஒரு திருப்தி வந்தது. அதை நினைத்தால் இப்போது அவனுக்குத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது.

இரண்டாயிரத்து ஏழில், காட்டுத் தவளைகளைப் பார்க்கக் கொழும்பிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. காட்டுப்பாதை தெரிந்தவன் என்று கந்தையாவைத் துணைக்கு அனுப்பினார்கள். கூட்டத்தின் தலைவி ஸாஹிரா, மாவனல்லைக்காரி, பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறவள். கந்தையா சளைக்காமல் தவளை காட்டிக்கொண்டே போனான். ஓடையோரக் கல்லுக்குக் கீழே சொரசொரத்த முதுகோடு ஒரு தேரை உட்கார்ந்திருந்தது. அவன் பதறிப் பின்வாங்கினான். ஸாஹிரா அதை உள்ளங்கையில் தூக்கி, இன்னொரு தவளை என்றாள்.

அது தேரை மிஸ், தவளை இல்லை என்று அவன் திருத்தினான். அவள் பொறுமையாகச் சொன்னாள். வளர்ந்ததும் வாலில்லாமல் தாவித் திரிகிற இவையெல்லாம் ஒரே வகை, அந்த வகைக்கே தவளை என்றுதான் பேர். அதற்குள் பல குடும்பங்கள் உண்டு, தேரை அதில் ஒன்று. தோல் வறண்டு கால் குட்டையாக இருப்பதால் சனங்கள் வேறாக்கிவிட்டார்கள்.

"உங்கட லயம் மாதிரித்தான் அண்ணன். ஒரே கூரை, நிறைய வீடு. தேரைக்கும் அதுல ஒரு வீடு."

கந்தையா அவள் கையிலிருந்த தேரையையே பார்த்தான். "புள்ள மேல விழுந்தா, மிஸ்?"

"தோல்ல கொஞ்சம் விஷம் இருக்கு, தொட்டா கைய கழுவோணும். மேல விழுந்து எந்தப் பிள்ளையும் மெலியாது."

இறங்கி வருகிற வழியெல்லாம் அவன் மனம் அடித்துக்கொண்டது. பச்சையோ சொரியோ, எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே இருப்பவை. இதற்காகவா ஒருத்தியைக் குற்றவாளியாக்கி வைத்திருந்தோம்? பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டான். வீட்டுக்குப் போனதும் சொல்லிவிட வேண்டும். சொன்னால் அவள் அழுவாள், அழுதால் பாரம் இறங்கும் என்று நம்பினான்.

மருதாயி அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். அவன் பக்கத்தில் குந்தி, மிஸ் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் ஒப்பித்தான். கடைசியில் அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னான்.

"நீ சொன்னதுதான் சரி மருதாயி. அது தவளைதான்."

அவள் அழவில்லை. ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

"தேரையோ தவளையோ, அத இப்ப யாருங்க கேட்டா? லொறி வாசல்ல நின்னுச்சு. புள்ளயத் தூக்கிக்கிட்டு நான் ஒரு கால ஏத்தி வச்சேன். நீங்கதான் எறக்குனீங்க."

வெந்த ரொட்டியை எடுத்து அவள் அவன் தட்டில் வைத்தாள். அவன் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தான்.