ஒரு நீட்டு, இரண்டு வெட்டு

ஒலுவில் துறைமுகத்தில் மீன் எடுத்து, ஐஸ் பெட்டியில் அடுக்கி, மோட்டார் சைக்கிளில் கட்டினால் ஸஜாத் வடக்கே திரும்பிச் சாய்ந்தமருதுக்குப் போக வேண்டியவன். அன்றைக்குத் தெற்கே திரும்பினான். யார் கூப்பிட்டது? ஒருவரும் கூப்பிடவில்லை. பேஸ்புக்கில் ஒரு துண்டு வீடியோவைப் பார்த்தான், அவ்வளவுதான்.

அதில் அவனுடைய கூட்டாளி கிசோக் பாடிக்கொண்டிருந்தான். திருக்கோவில் ஆடித் திருவிழா, இன்று காலை பத்து மணிக்கு இசை நிகழ்ச்சி, புதுப் பாட்டு என்று கீழே எழுதியிருந்தது. பாட்டுப் புதுசுதான், மெட்டு ஸஜாத்துடையது. போன வருசம் முனகிப் போனில் அனுப்பியது. பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது, பிறகு பேச்சுமூச்சில்லை. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்சாதி கையே! இது இன்னாருடைய மெட்டு என்று மேடையில் சொல்லுவானா, விழுங்கி ஏப்பம் விடுவானா? அது தெரியாமல் ஸஜாத்துக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

அக்கரைப்பற்றும் தம்பிலுவிலும் தாண்டித் திருக்கோவில் ஊரில் கோயில் வீதிக்கு வந்து இறங்கிய பிறகுதான் மனுசனுக்கு மூளை வேலை செய்தது. கிசோக்கின் தாய் செல்லத்தங்கம் அர்ச்சனைத் தட்டோடு எதிரே வந்தாள்.

"என்ன மனே, ரோட்டுல நிக்காய்? உள்ளுக்கு வா."

"பெட்டியில மீன் கிடக்கும்மா."

கொடியேறிய நாளிலிருந்து அங்கே ஒருவரும் மீன், மச்சம் தொடுவதில்லை. தினமும் வழியில் காரைதீவுத் தமிழ் ஊரைக் கடந்து போகிறவனுக்கு இது தெரியாதா? திருவிழாக் காலத்தில் தமிழ் ஊர்களுக்குள் ஹோர்ன்கூட அடிக்காமல் போகிறவன் அவன். மெட்டு நினைப்பில் பெட்டியை மறந்துவிட்டான், மடையன்.

செல்லத்தங்கம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, தெருவுக்கு அந்தப் பக்கம் வேம்புக்குக் கீழே நிற்கச் சொன்னாள். ஸ்பீக்கர் அங்கேயும் கேட்குமாம். தான் வந்ததை மகனுக்குச் சொல்ல வேண்டாம் என்று ஸஜாத் கெஞ்சினான். ஓம் என்று போனாள்.

மேடை தெரியவில்லை, தலைகள்தான் தெரிந்தன. பாட்டுத் தொடங்கியது. ஒவ்வொரு மீன்காரனுக்கும் ஒரு ஹோர்ன் சத்தம் உண்டு. ஸஜாத்துடையது ஒரு நீட்டு, இரண்டு வெட்டு. கேட்டதுமே பெண்கள் சட்டியோடு வாசலுக்கு வந்துவிடுவார்கள். மெட்டும் அப்படித்தான் தொடங்கும். அதில் கிசோக்கின் சொற்கள் வந்து பொருந்திய அழகைக் கேட்க ஸஜாத்துக்கே பொறாமையாக இருந்தது.

கைதட்டல் ஓய்ந்ததும் கிசோக் நன்றி சொன்னான். கோயில் சபைக்கு, ஒலிபெருக்கிக்காரருக்கு, தண்ணீர்ப் பந்தல்காரருக்கு. படுபாவி! ஸஜாத் சாவியைத் திருகினான்.

"மெட்டுப் போட்டது சாய்ந்தமருது ஸஜாத்," என்றது ஸ்பீக்கர். "பாட்டு நல்லா வருமோ என்ட பயத்தில அவனுக்கே சொல்லாமப் பாடிட்டன். இப்ப எங்கயோ மீன் வித்துக்கொண்டு நிப்பான். கேள்விப்பட்டா ஏசுவான்."

ஸஜாத் மேடைப் பக்கம் திரும்பினான். உள்ளே ஓடலாம் என்றால் உடம்பெல்லாம் மீன் வாடை. கத்தலாம் என்றால் அவ்வளவு தூரம் கேட்காது. கை தானாக ஹோர்னுக்குப் போனது. ஒரு நீட்டு, இரண்டு வெட்டு.

நாள்கணக்காக மரக்கறி தின்ற கூட்டம் முழுதும் ஒரேயடியாகத் திரும்பியது. எங்கோ ஒரு பெண் சிரித்தாள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். தலைகளுக்கு மேலால் கிசோக் எட்டிப் பார்த்தான்.

"கிட்ட வராத," என்றான் மைக்கில். "அங்கயே நில்லு. திரும்பப் பாடப்போறன். நீ தொடங்கு."

ஸஜாத் கையை இடுப்புச் சாரனில் துடைத்துக்கொண்டு ஹோர்னைப் பிடித்தான்.