லூர்துசாமி வரைந்த மாதா

செம்மங்குப்பம் கம்பெனியில் வெல்டராக இருந்த லூர்துசாமிக்குப் பேச்சு போய் ஒரு வருஷமாகிவிட்டது. 2009-இல் மகள் நித்யா மேரியைச் சிதம்பரத்தில் காலேஜ் ஹாஸ்டலில் விடுவதற்காகக் கடலூரிலிருந்து பைக்கில் கூட்டிப்போனார். வழியில் கரும்பு லாரி அடித்துவிட்டது. அவருக்கு மண்டையில் ஆபரேஷன். வலது கை விழுந்துவிட்டது, வலது காலும் இழுத்துக்கொண்டது. மகள் ரோட்டிலேயே போய்ச் சேர்ந்தாள். அவளை அடக்கம் செய்தபோது அவருக்கு நினைவில்லை.

மனைவி பாக்கியமேரி அதை அவரிடம் சொல்லவேயில்லை. "அதிர்ச்சி தாங்க மாட்டாரும்மா" என்று டாக்டர் சொன்ன ஒரு வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "பாப்பாவுக்குப் பரிச்சைங்க, ஹாஸ்டல்ல இருக்குது" என்பாள். வருஷம் முழுக்க நடக்கிற பரீட்சை எந்த ஊரில் இருக்கிறதோ! சொல்லிவிட்டு அடுப்படியில் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுவாள்.

கைக்குப் பயிற்சி கொடுக்க வரும் மாலதி கலர் டப்பாவும் சார்ட் அட்டையும் கொண்டுவந்து தந்தாள். மாதக்கணக்கில் இடது கையால் வெறும் கிறுக்கல். திடீரென்று ஒருநாள் படம் வந்துவிட்டது. நீல உடையில் நீளமாக ஓர் உருவம். தலையைச் சுற்றிச் சிவப்பு. பின்னால் ஒரே கறுப்பு, ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு.

கோயில் உபதேசியார் அந்தோணிசாமி பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டார். "மாதாவே தாம்மா! தலைய சுத்தி ஒளிவட்டம் பாரு. பக்கத்துல மெழுகுவத்தி."

ஒளிவட்டம் எதற்குச் சிவப்பாக இருக்க வேண்டும் என்று ஒரு புண்ணியவானுக்கும் தோன்றவில்லை. பிரேம் போட்டு மாட்டி, மாலை சார்த்தி, அக்கம்பக்கத்தார் கூடிச் செபமாலை சொன்னார்கள். பாக்கியமேரிக்குக்கூட மனசு கொஞ்சம் குளிர்ந்தது. லூர்துசாமி மட்டும் காலை இழுத்துக்கொண்டு வந்து படத்தைக் குறுக்குவாட்டில் திருப்புவார். அவள் நிமிர்த்தி வைப்பாள். மறுபடியும் திருப்பிவிட்டுச் சுவரில் அறைவார்.

"மூளை இன்னம் சரியாவல" என்றார் உபதேசியார். படத்தைத் திருப்ப முடியாதபடி நாலு மூலையிலும் ஆணி அடித்துவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம் சோற்றுத்தட்டோடு வந்த பாக்கியமேரி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். படத்துக்கு நேர் கீழே, தரையில், லூர்துசாமி நீட்டிப் படுத்திருந்தார். ஒரு கால் மடங்கியிருந்தது. கன்னம் தரையில் அழுந்தியிருந்தது. இடது கையால் படத்தைக் காட்டினார். தன்னைக் காட்டினார். திரும்பவும் படத்தைக் காட்டினார்.

அவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். அது நிற்கிற உருவம் இல்லை. கறுப்பு தார் ரோடு. வெள்ளை ரோட்டோரக் கோடு. நீலம், விபத்தன்று காலை மகளுக்கு அவளே இஸ்திரி போட்டுக் கொடுத்த சுடிதார். இதற்கா இத்தனை நாளும் மாலை போட்டோம்!

"பாத்தீங்களா? நீங்க பாத்துக்கினே கெடந்தீங்களா?"

அவர் ஆமாம் என்று தலையசைத்தார்.

தட்டை வைத்துவிட்டு அவரருகில் தரையில் உட்கார்ந்தாள். ஒரு வருஷமாக வாயில் வராததை முதல் தடவையாகச் சொன்னாள்.

"பாப்பா நம்மள உட்டுப் பூட்டுதுங்க."

பேச்சில்லாத அந்தத் தொண்டையிலிருந்து ஓர் ஓலம் வந்தது. அவளும் முந்தானையைத் தேடாமல் வாய்விட்டுக் கதறினாள். நித்யா மேரியின் சாவுக்கு அந்த வீடு அன்றுதான் அழுதது.