காயம் பட்டதோ?

அக்காவின் கட்டியை வெட்டுவதற்கு இன்னும் ஐம்பத்திரண்டு மணித்தியாலம் இருந்தது. செவ்வாய்க்கிழமை, விடிய ஐந்து மணி. வியாழன் காலை ஒன்பது மணிக்கு வரச்சொல்லி டொக்டர் ஞானாம்பிகை துண்டு எழுதித் தந்திருந்தார். அப்பாவும் லியோன் அண்ணையும் கடலுக்குப் போய்விட்டார்கள். அம்மா பூசைக்குப் போயிருந்தார். நான் விளக்கைக் கிட்டே இழுத்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன்.

புத்தகம் என் சிநேகிதி குணலட்சுமியுடையது. அவள் மருத்துவபீடத்தில் படிக்கிறாள். நான் விலங்கியல் பட்டம் எடுத்து எட்டு மாதமாக வீட்டில் இருக்கிறேன்.

ஸ்ரெல்லா அக்காவுக்குக் கட்டி இருந்தது இடது தோள்பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே, சட்டை மறைக்கும் இடத்தில். போன வருடம் மிளகளவு இருந்தது. இப்போது புளியங்கொட்டையை விடப் பெரிது. மினுமினுப்பான தோல். ஓரத்தில் நண்டுக்கால் போல இரண்டு கிளைகள். அம்மா அந்தக் கால்களைப் பார்த்துத்தான் பயந்தார். சின்னம்மா மார்பில் வந்த புற்றுநோயால் இறந்து நான்கு வருடம்தான் ஆகிறது. அக்காவுக்குப் பாசையூரில் மாப்பிள்ளை, அவர்களும் கடற்தொழில் செய்பவர்கள். கோயிலில் கலியாண அறிவித்தல் இரண்டு ஞாயிறு வாசித்துவிட்டார்கள்.

சனிக்கிழமை டிஸ்பென்சரியில் டொக்டர் அக்காவைப் பார்த்துத்தான் கேட்டார். “உதிலை முந்திக் காயம் ஏதும் பட்டதோ?”

அம்மா பதில் சொன்னார். “இல்லை டொக்டர். பிள்ளை வீட்டுக்கு வெளியிலை போறேல்லை.”

“கொப்புளம்? பரு?”

“ஒண்டுமில்லை.”

கலியாணமாகாத பெண்ணுக்கு வாய் தாய்தான். எங்கள் பக்கத்தில் அது வழக்கம். டொக்டரும் அதற்குப் பழகியவர். காயமில்லாமல் வளர்ந்தால் கட்டிதான், வெட்டிக் கொழும்புக்கு அனுப்பிச் சோதிக்க வேண்டும், முடிவு வர ஒரு மாதம் செல்லும் என்றார்.

புத்தகம் வேறு விதமாகச் சொன்னது. தோலில் வரும் சாதாரண நார்க்கட்டியை இரண்டு விரலால் பக்கத்திலிருந்து நெரித்தால் நடுப்பகுதி உள்ளே குழியும். புடைத்த தழும்பு குழியாது. அது காயத்தின் எல்லையைத் தாண்டிக் கால் நீட்டும். அரிப்பெடுத்துக் கடிக்கும். வெட்டினால் முன்னதிலும் பெரிதாகத் திரும்பி வரும்.

நான் அக்காவை எழுப்பினேன். சட்டையை விலக்கி நெரித்தேன்.

“என்னடி, மாம்பழம் பழுத்துட்டுதோ எண்டு பாக்கிறியோ?”

“உது கடிக்குமோ அக்கா?”

“வெயிலுக்கை சரியாக் கடிக்கும்.”

திரும்பவும் நெரித்தேன். குழியவில்லை.

“அக்கா, உதிலை காயம் பட்டிருக்கு.”

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். வெளியே பார்த்தாள். அம்மா வரவில்லை.

“போன வருசம் வயித்துக்குத்து எண்டு ரெண்டு நாள் படுத்தன் எல்லே. அப்ப பட்டது. எப்பிடியெண்டு மட்டும் கேளாதை.”

“டொக்டரிட்டைச் சொன்னாக் காணும். வெட்ட மாட்டா.”

“அம்மா பக்கத்திலை நிண்டு எப்பிடியெண்டு கேப்பா. அம்மாவுக்குத் தெரிஞ்சாப் பாசையூருக்குத் தெரியும். அவை கலியாணத்தை நிப்பாட்டிப்போடுவினம். வெட்டட்டும், விடு.”

“வெட்டினாப் பெரிசா வரும் அக்கா.”

“வரட்டும். அப்ப நான் பாசையூரிலை இருப்பன்.”

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த இரண்டு நாளும் டொக்டரிடம் சொல்ல ஒரு வசனத்தை ஆங்கிலத்தில் அமைத்துக்கொண்டேன். குசினி அடுப்படியில் சொன்னேன். கிணற்றடியில் சொன்னேன். அந்நியர் முன் எனக்குக் குரல் எழும்பாது. பல்கலைக்கழகத்தில் மூன்று வருடமும் நான் ஒரு கேள்வி கேட்டதில்லை.

வியாழக்கிழமை டொக்டர் கையுறையை எடுத்தபோது அந்த வசனம் முழுவதும் மறந்துபோயிற்று.

“டொக்டர், நெரிச்சா அது குழியேல்லை” என்றேன்.

அம்மா என் முழங்கையைக் கிள்ளினார். “சும்மா இரு பிள்ளை.”

டொக்டர் கையுறையைக் கீழே வைத்தார். “நீர் என்ன படிச்சனீர்?”

“விலங்கியல்.”

“நெரிச்சுப் பாக்கச் சொல்லி ஆர் சொன்னது?”

“புத்தகம்.” எனக்குக் காது சுட்டது. “என்ரை காலிலையும் ஒரு தழும்பு இருக்கு டொக்டர். முள்ளுக் குத்தினது. இதைப்போலத்தான் கல்லு மாதிரி இருக்கு. அதாலை இதுவும் தழும்புதான் எண்டு…”

“எங்கை, காட்டும்.”

பாவாடையைக் கணுக்காலுக்கு மேல் ஒரு சாண் உயர்த்தினேன். கணைக்காலில் மண்ணிறப் பொட்டு ஒன்று, பயறளவு. டொக்டர் குனிந்து இரண்டு விரலால் நெரித்தார். பொட்டின் நடு, பொத்தான் தைத்த இடம் போல உள்ளே போயிற்று. அக்காவை இருபது தரம் நெரித்த நான் என் காலை ஒருதரமும் நெரித்துப் பார்த்திருக்கவில்லை.

“கட்டி உமக்குத்தான்” என்றார் டொக்டர்.

“மாதாவே! இவளுக்குமோ!” அம்மா கதிரையைப் பிடித்துக்கொண்டார்.

“பயப்பிடாதேங்கோ. அது ஆபத்தில்லாத கட்டி. சாகுமட்டும் கிடக்கும், ஒண்டும் செய்யாது.” டொக்டர் சிரித்தார். “முள்ளுக் குத்தின இடத்திலையும் சில நேரம் அப்பிடி வரும். பட்டம் எடுத்த பிள்ளை, உம்மையும் ஒருக்காச் சோதிச்சிருக்கலாம்.”

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக் குலுங்கினாள். டொக்டர் அவளுடையதை நெரித்தார். பக்கம் மாற்றி நெரித்தார். விரலால் அந்த இரண்டு கால்களையும் தடவினார்.

“அம்மா, இனி நீங்கள் கதையாதேங்கோ. பிள்ளை, நீர் சொல்லும். உதிலை காயம் பட்டதோ?”

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

“ஓம்” என்றாள்.

“அப்ப இது தழும்புதான். வெட்டக் கூடாது. ஊசி போடுவம், மெல்ல மெல்லத் தணியும். கலியாணத்தைச் செய்யுங்கோ.”

அம்மா சிலுவை போட்டார். அழுதார், சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார், பிறகு என் முதுகில் ஓர் அடி போட்டார். அது என்னை மெச்சி. நான் சுவரில் சாய்ந்தேன்.

“என்ன காயமெண்டாலும் பரவாயில்லை டொக்டர்” என்றார் அம்மா. “காயமா இருந்தாக் காணும் எனக்கு.”

டொக்டர் பேனையைத் திறந்தார். “எழுதவேணும். என்னத்தாலை பட்டது?”

“திருக்கை வால் அடிச்சது” என்றாள் அக்கா.

“கறிக்கு வெட்டேக்கையோ?”

அக்கா தலையாட்டப் போனாள். அம்மா முந்திக்கொண்டார். “திருக்கைக்கு வால் ஏது டொக்டர்? நச்சு முள்ளெண்டு கரைக்கு வரமுதலே வாலை வள்ளத்திலை வெட்டி எறிஞ்சுபோடுவாங்கள். வீட்டுக்கு வாறதுக்கு வால் இராது.”

சொல்லி முடித்த பிறகுதான் அம்மாவின் முகம் மாறியது. அக்காவின் பக்கம் திரும்பினார். அக்கா அம்மாவின் கையைப் பிடித்தாள். இரண்டு நாளாக நான் பார்க்காத நிதானம் அவள் முகத்தில் இருந்தது.

“ஓம் அம்மா, வள்ளத்திலைதான். அண்டைக்கு அப்பாவுக்குக் காய்ச்சல். அண்ணை தனியப் போக வெளிக்கிட்டார். பொம்பிளையள் ஏறக்கூடாதெண்டு தெரிஞ்சும் நான் அவரோடை கடலுக்குப் போனனான்.”