நாடி: கேட்டால் உண்டு

கண்டக்டரம்மாவின் நாடி ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு நின்றது. அப்போது அவர் கிளினிக்கில் டாக்டருக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து முழங்கால் வலியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நாடி நின்ற பிறகும் நிறுத்தாமல் சொன்னார். ஏனென்றால் வலி வலது காலில். டாக்டர் இடது கால் என்று எழுதுவதை அவர் பார்த்துவிட்டார். டாக்டர் கெட்டவர் இல்லை. நோயாளிக்கு எழுபது வயது தாண்டிவிட்டால் கூட வந்தவரிடம் கேட்பது அவர் பழக்கம். மகளைப் பார்த்து, "அவங்களுக்கு ராத்திரி தூக்கம் வருதா?" என்றார். "அவங்க மோஷன் ஒழுங்கா போறாங்களா?" என்றார். "ஞாபகமெல்லாம் எப்படி இருக்கு அவங்களுக்கு?" என்று மூன்றாவதாகக் கேட்டபோது அவருடைய விரல்கள் கண்டக்டரம்மாவின் மணிக்கட்டில் இருந்தன. அங்கே ஒன்றும் இல்லை. இடம் மாற்றிப் பார்த்தார், மற்ற கையைப் பார்த்தார், மார்பில் குழாயை வைத்துப் பார்த்தார், கடைசியில் படுக்கவைத்து மெஷினில் இணைத்தார். காகிதத்தில் கோடு ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் வந்தது. "என்ன டாக்டர், கிடைக்கலையா?" என்று கண்டக்டரம்மா கேட்டார். டாக்டர் மகளிடம், "அவங்களுக்கு நாடி இல்லை" என்றார். "காலையில காபி குடிச்சாங்களே" என்றாள் மகள். அந்த நேரம் நர்ஸ் கதவைத் திறந்து, அடுத்த ஆளுக்குக் கட்டில் வேண்டுமென்பதால், "நீங்க கொஞ்சம் எந்திரிச்சு வெளிய உக்காருங்கம்மா" என்றாள். மெஷின் ஏழு முறை துடித்துவிட்டு மறுபடி நேர்க்கோட்டுக்குப் போனது. டாக்டரும் மகளும் அதைப் பார்க்கவில்லை. கண்டக்டரம்மா பார்த்தார், ஏழு என்று எண்ணியும் வைத்துக்கொண்டார்.

முப்பத்தொரு வருடம் அவர் டவுன் பஸ்ஸில் வேலை செய்தவர். எங்க போறீங்க, எத்தனை பேர், உள்ள போங்க, படியில நிக்காதீங்க, உங்களைத்தான் சொல்றேன் நீலச் சட்டை, என்று ஒரு நாளில் எண்ணூறு பேரிடம் நேருக்கு நேர் பேசியிருப்பார். எண்ணூறு என்பது அவர் சொன்னது, சரிபார்க்க வழியில்லை. ஓய்வு பெற்றபின் மகள் வீட்டுக்கு வந்தார். ஒன்பது மாடிக் கட்டடத்தில் ஏழாவது மாடி. மருந்துக் கம்பெனி குடோனில் சூப்பர்வைசராக இருந்த மாப்பிள்ளை மரியாதை தெரிந்தவர். மாமியாரிடம் நேரடியாகப் பேசினால் எங்கே ஒரு சொல் கூடக்குறைய வந்துவிடுமோ என்று எல்லாவற்றையும் மனைவி வழியாகவே கேட்டார். "அத்தை சாப்பிட்டாங்களா?" என்பார், அத்தை அதே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது. பதினாலு வருடம் இப்படிப் போனது. மகளுக்கும் அது மெல்ல ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கு வருபவர்கள் கண்டக்டரம்மாவைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "அம்மா எப்படி இருக்காங்க?" என்று மகளிடம் கேட்டார்கள். முதலில் அவர் கால்விரல்கள் சில்லிட்டன, பிறகு பசி குறைந்தது, பிறகு குளியலறையில் இரண்டு தரம் விழுந்தார். எல்லாவற்றுக்கும் வயது என்று ஒரே காரணம் எழுதப்பட்டது.

கிளினிக்கிலிருந்து வந்த மறுநாள் அவர் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு கணக்கு தொடங்கினார். தன்னை நோக்கி யாராவது பேசினால் ஒரு கோடு. புதன்கிழமை மூன்று கோடு விழுந்தது. ஒன்று, தவறான எண்ணுக்குப் போன் செய்த ஒருவர் "யாரு பேசறீங்க?" என்று கேட்டது, அவரை நாலு நிமிடம் விடாமல் பிடித்துவைத்திருந்தார். இன்னொன்று, மின்மீட்டர் பார்க்க வந்தவர் "தள்ளுங்கம்மா" என்றது. அதைச் சேர்க்கலாமா என்று அவருக்கே சந்தேகம். மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தார், இரண்டு துடிப்பு இருந்தது, சேர்த்துக்கொண்டார். சாயங்காலம் நாலாவது மாடி டைப்பிஸ்ட்டிடம் கணக்கைக் காட்டினார். டைப்பிஸ்ட் நாற்பது வருடம் அரசாங்கக் கடிதங்களை அடித்து ஓய்ந்தவர்; அவருக்கு ஒன்றரை வருடமாக நகம் வளரவில்லை. கணக்கைப் படித்துவிட்டு, "இது இலக்கணத் தப்புடி. முன்னாடி இருக்கிற ஆளு முன்னிலை. உன்னைப் படர்க்கையில தூக்கிப் போட்டுட்டாங்க" என்றார். இதைச் சொல்லிமுடிப்பதற்குள் இருவர் கையிலும் துடிப்பு வந்தது. மூன்றாவது கோடு அதுதான்.

ஆனால் அதற்குள் ஏழாவது மாடியில் ஏற்பாடு முடிந்துவிட்டிருந்தது. நாடி இல்லாதவரை வீட்டில் தனியாக விட்டுவிட்டு எப்படி வேலைக்குப் போவது என்பது மகளின் கவலை. அது நியாயமான கவலை. ஊருக்கு வெளியே இருபத்துநாலு மணி நேரமும் நர்ஸ் இருக்கும் முதியோர் இல்லம் ஒன்றை மாப்பிள்ளை பார்த்து வைத்தார். முதல் தேதி சேர்க்கை. அதற்கு முந்தின நாள் டாக்டர் வீட்டுக்கே வந்து, நாடி இல்லை என்று படிவத்தில் கையெழுத்துப் போடுவார். அந்த இல்லத்தைப் பற்றிக் கண்டக்டரம்மாவுக்குத் தெரியும். மூன்றாவது மாடியில் இருந்த ஓட்டல் சமையல்காரர் அங்கேதான் போனார். நல்ல கட்டில், சுத்தமான துணி, வேளாவேளைக்குச் சாப்பாடு. "இந்த ஐயா சாப்பிட்டாரா, அந்த ஐயா படுத்தாரா, ஐயா இப்ப மாத்திரை போட்டுக்குவாராம்" என்று நாள் முழுக்க அன்பாகப் பேசினார்களாம். நாற்பத்தொன்றாவது நாள் அவர் இறந்துபோனார். உடம்பில் எந்தக் கோளாறும் கண்டுபிடிக்கப்படவில்லை. "அங்க போனா நான் நாப்பது நாள்கூடத் தாங்கமாட்டேன்" என்று கண்டக்டரம்மா மகளிடம் சொன்னார். மகள் அழுதாள். பிறகு கணவரிடம் போய், "அம்மா பயப்படறாங்க" என்றாள்.

முதல் தேதிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குக் கண்டக்டரம்மா தலைவாரி, தோளில் பையை மாட்டிக்கொண்டு, கட்டடத்தின் ஒரே லிஃப்டில் கீழ்த்தளத்துக்கு இறங்கி, அதற்குள்ளேயே நின்றார். கதவு மூடாமல் இருக்கும் பொத்தானில் கட்டைவிரலை வைத்துக்கொண்டார். முதலில் வந்தவர் ஆறாவது மாடிக்காரர், கையில் தண்ணீர் கேன்.

"எந்த மாடி?"

"ஆறு."

"யார்கிட்ட சொல்றீங்க? சுவத்துகிட்டயா?"

"உங்ககிட்டதாம்மா."

"அப்ப முகத்தைப் பாத்துச் சொல்லுங்க. கேன் கனமா இருக்கில்ல?"

"ஆமா. நீங்க கையை எடுத்தா நல்லா இருக்கும்."

"அப்ப சரி, போலாம்" என்று கண்டக்டரம்மா கையை எடுத்தார். அன்று மட்டும் நாற்பத்தாறு கோடு. அடுத்த நாள் பலர் படியேறிப் போனார்கள். படியேற முடியாமல் ஒன்பதாவது மாடிக்காரர்கள் சனிக்கிழமை தோற்றார்கள், எட்டாவது ஞாயிற்றுக்கிழமை. குடியிருப்போர் சங்கத்தின் செகரட்டரி திங்கட்கிழமை வந்து வாட்ச்மேனிடம், "இந்தம்மாவை யாருய்யா லிஃப்டுக்குள்ள விட்டது?" என்றார்.

"நான் இங்கதான் நிக்கிறேன் சார். என்கிட்ட கேளுங்க, சொல்றேன்" என்றார் கண்டக்டரம்மா.

செகரட்டரி வாட்ச்மேனைப் பார்த்தார். வாட்ச்மேன் வானத்தைப் பார்த்தார். "சரி. உங்களை யாரு விட்டது?" என்றார் செகரட்டரி.

"நானேதான். ஏறுறீங்களா, நிக்கிறீங்களா?"

அந்தத் திங்கட்கிழமையிலிருந்து கண்டக்டரம்மாவின் நெஞ்சுத் துடிப்பு வெளியே கேட்க ஆரம்பித்தது. முதலில் லிஃப்டுக்குள் மட்டும், பிறகு கம்பி வழியாக எல்லா மாடிக்கும். ஒன்பதாவது மாடியில் அலமாரித் தம்ளர்கள் அதற்கேற்ப ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. ஐந்தாவது மாடிக்காரர் தண்ணீர் மோட்டார் பழுது என்று புகார் எழுதினார். ஆள் வந்து பார்த்துவிட்டு மோட்டார் நன்றாக இருக்கிறது, சத்தம் ஒரு பெண்ணுடையது என்று எழுதிக் கொடுத்துப் போனார். டைப்பிஸ்ட் தினமும் லிஃப்டில் நாலாவது மாடியிலிருந்து ஒன்பதுக்கும் ஒன்பதிலிருந்து கீழேயும் போய்வந்தார். நகம் வளர்ந்துவிட்டது என்று எல்லோரிடமும் கையை நீட்டிக் காட்டினார். கட்டடத்தில் எழுபது தாண்டியவர்கள் பதினாலு பேர் இருப்பது அந்த வாரம்தான் மற்றவர்களுக்குத் தெரியவந்தது. பதினாலாவது ஆள் செகரட்டரியின் அப்பா. மூன்று வருடமாக அவரை யாரும் பார்க்காததால், செகரட்டரியே பழக்கதோஷத்தில் "எங்கப்பா இருந்தாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சட்டை போட்டுக்கொண்டு வந்து லிஃப்டில் ஏறி, "நான் இன்னும் இருக்கேன், ரெண்டாவது மாடி" என்றார். மகன் அன்றைக்குப் பிறகு லிஃப்ட் விஷயமாக ஒன்றும் பேசவில்லை.

முப்பதாம் தேதி மாலை ஐந்தரைக்கு டாக்டர் வந்தார். மாப்பிள்ளையும் மகளும் கூட இருந்தார்கள். அடுத்து நடந்ததை இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். லிஃப்டுக்குள் இருந்த டைப்பிஸ்ட் சொன்னதையே இங்கே எழுதியிருக்கிறது. மூவரும் ஏறினார்கள். டாக்டர் மகளிடம், "இவங்களை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய்ப் படுக்க வைங்க" என்றார். மகள், "அம்மா இங்கருந்து நகர மாட்டேங்கறாங்க" என்றாள். மாப்பிள்ளை, "அத்தைக்கு உடம்பு முடியாமப் போயிடப்போகுது" என்றார். மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. ஒன்பது மாடியிலும் தம்ளர்கள் நின்றன. கண்டக்டரம்மாவின் உதடு வெளுத்தது, முழங்கால் மடங்கியது. விழுகிற நேரத்தில் ஒரு கையால் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தார், மறு கையால் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். லிஃப்ட் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் நின்றது. டாக்டர் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். ஒன்றும் இல்லை. டைப்பிஸ்ட் வாய் திறக்கப் போனார். கண்டக்டரம்மா தலையசைத்துத் தடுத்தார். தோழி பேசினால் துடிப்பு வரும், ஆனால் நாளைக்கு இல்லத்தில் தோழி இருக்கமாட்டார். அது அவருக்குத் தெரிந்திருந்தது.

"மாப்பிள்ளை" என்றார், குரல் மெலிந்துபோய். "பதினாலு வருஷத்துல என்னைப் பத்தி ஒரு வார்த்தை குறைவா பேசினதில்ல நீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை பேசினதும் இல்ல."

மாப்பிள்ளை மனைவி பக்கம் திரும்பினார். "அத்தைகிட்ட சொல்லு…"

"நீங்களே சொல்லுங்க. நாலடி லிஃப்ட்ல எதுக்கு நடுவுல ஒரு ஆளு" என்றாள் மகள்.

டாக்டர் விரலை எடுக்கவில்லை. மாப்பிள்ளைக்கு வியர்த்தது. மாடி எண் தெரியும் பலகையைப் பார்த்தார், அதில் எண் ஏதும் இல்லை. பிறகு வேறு வழியில்லாமல் மாமியார் முகத்தைப் பார்த்தார். "அத்தை, நீங்க அந்த இல்லத்துக்குப் போறீங்களா?" என்றார். யோசித்துப் பார்த்தால் அதுவரை யாரும் கேட்காத கேள்வி அதுதான்.

"மாட்டேன்" என்றார் கண்டக்டரம்மா.

டாக்டரின் கை மணிக்கட்டிலிருந்து தெறித்து லிஃப்ட் சுவரில் இடித்தது. இரண்டு விரல் வீங்கிவிட்டது. மாப்பிள்ளைக்கோ ஒன்று கேட்டபின் நிறுத்தத் தெரியவில்லை. நீங்க ஏன் ஜன்னல் பக்கமே உக்காரறீங்க, உங்களுக்குக் காபியில சர்க்கரை போதுதா, எங்க கல்யாணத்தன்னிக்கு நீங்க ஏன் அப்படி அழுதீங்க என்று பதினாலு வருடத்தையும் வரிசையாகக் கேட்டார். "உங்களைப் பாத்துத்தான்" என்றார் கண்டக்டரம்மா. லிஃப்ட் பொத்தானை யாரும் தொடாமலே கிளம்பியது. டாக்டர் ஏழாவது மாடியில் உட்கார்ந்து, வீங்கிய விரல்களோடு படிவத்தை நிரப்பினார். நாடி உண்டா, இல்லையா என்ற கட்டத்தில் இரண்டையும் அடித்துவிட்டு, 'கேட்டால் உண்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அப்படியொரு பிரிவு தங்களிடம் இல்லையென்று இல்லம் படிவத்தைத் திருப்பி அனுப்பியது. சேர்க்கை ரத்தானது. கிளினிக்கில் ஸ்டூலை டாக்டர் தன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார், கூட வருபவர்களுக்கு வெளியே பெஞ்சு போட்டார். அந்த வருடம் அவர் எழுதிய தூக்க மாத்திரைகள் பாதியாகக் குறைந்தன என்று மருந்துக்கடைக்காரர் சொன்னார். வேறு காரணமும் இருக்கலாம் என்றும் அவரே சொன்னார்.

கண்டக்டரம்மா அத்தோடு விடவில்லை. நாற்பத்தொன்றாவது நாளை நோக்கி இன்னும் பலர் முதியோர் இல்லத்தில் படுத்திருக்கிறார்கள் என்பதை அவரால் மறக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் டைப்பிஸ்ட், செகரட்டரியின் அப்பா, இன்னும் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு பஸ் ஏறி அந்த இல்லத்துக்குப் போனார். வெறுங்கையோடுதான் போனார்கள். ஆளுக்கொரு கட்டிலருகே உட்கார்ந்து, நீங்க என்ன வேலை பார்த்தீங்க, உங்களுக்கு யார் மேல கோபம், இங்க உங்களுக்கு எது பிடிக்கல என்று கேட்டார்கள். இரண்டு தரம் வாசலில் தடுத்தார்கள். கண்டக்டரம்மா வாசலிலேயே நின்று ஜன்னல் ஜன்னலாகக் குரல் கொடுத்துக் கேட்டார், பதில்கள் மாடியிலிருந்து வந்தன. மூன்றாவது வாரம் உள்ளே விட்டுவிட்டார்கள். ஐந்தாவது மாதம், அறுபத்திரண்டு பேரின் துடிப்பும் சேர்ந்து கேட்பதால் சாப்பாட்டு மணி யாருக்கும் காதில் விழுவதில்லை என்று மேலாளர் தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். அவர்கள் விசாரித்துவிட்டு, இன்னும் பெரிய மணியாக ஒன்று அனுப்பிவைத்தார்கள்.